வளையத்தைக் கண்டால் மட்டும் போதாது
வான்படம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

மலையடிவாரத்திலும் மொட்டை மாடியிலும் தொலைநோக்கியை நிறுத்தி, விடிய விடிய வானத்தைப் படம்பிடிக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ஓரியன் நெபுலா, ரோசெட், குதிரைத்தலை, ஆந்திரமேடா என்று நீங்கள் எடுக்கும் படங்களை விடாமல் பார்த்து வருகிறேன். ஒரே பொருளின் மீது இரவுக்கு இரவு எக்ஸ்போஷர் சேர்த்து, மங்கலிலும் மங்கலான வாயுவை வெளியே கொண்டுவரும் பொறுமையும் கைத்திறனும் உங்களுக்கு வாய்த்திருக்கின்றன. அந்தத் திறமையில் ஒரு பங்கை இன்னொரு வேலைக்குத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

இரட்டை விண்மீன்கள் வெடித்துவிட்டுச் சென்ற நெபுலாக்களைத் தேடுங்கள். தேடிக் கண்டபின் அது என்ன, எந்த விண்மீன் எந்த ஆண்டில் எறிந்தது என்று நிறுவும் பணியிலும் பங்கெடுங்கள். முதல் பாதி உங்களுக்கு எளிது. இரண்டாம் பாதிதான் அறிவியல்.

வெடிப்பு எப்படி நிகழ்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் எரிந்து முடித்து, பூமியளவுக்குச் சுருங்கி வெண்குறுமீனாகக் கிடக்கிறது. அதன் அருகிலேயே, சில மணி நேரத்துக்கோ சில நாளுக்கோ ஒரு சுற்று என்ற கணக்கில், இன்னொரு விண்மீன் வலம் வருகிறது. துணைமீனின் ஹைட்ரஜன் வெண்குறுமீனின் மேல் படிந்துகொண்டே போகிறது. படிந்த அடுக்கின் அடியில் அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறும்போது அணுக்கரு இணைவு கட்டுக்கடங்காமல் பற்றிக்கொள்கிறது. மேலடுக்கு முழுவதும் வினாடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வீசப்படுகிறது. இதுதான் நோவா. வீசப்படும் பொருள், சூரிய நிறையில் லட்சத்தில் ஒரு பங்கு முதல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரைதான் இருக்கும். வெண்குறுமீன் அழிவதில்லை. மறுபடியும் ஹைட்ரஜன் படியும், மறுபடியும் வெடிக்கும். பெரும்பாலானவற்றுக்கு இந்த இடைவெளி ஆயிரக்கணக்கான ஆண்டுகள். சிலவற்றுக்கு ஒரு மனித ஆயுளுக்கும் குறைவு.

நம் பால்வீதியில் இதுவரை நானூற்றுக்கும் மேற்பட்ட நோவாக்கள் பதிவாகியுள்ளன. அவை எறிந்த வாயுக் கூடு கண்ணுக்குத் தெரியும்படி படமானவை சில பத்துகள்தான். மற்றவை சிறியவை, மங்கலானவை, அல்லது யாரும் போதிய நேரம் பார்க்காதவை. இந்தக் கடைசி வகையில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

அப்படியானால் ஒரு மாறுவிண்மீனைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் உங்கள் ஸ்டாக்கில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நோவாக் கூடாக இருக்கலாம். கோள்வகை நெபுலாவாகவும் இருக்கலாம். விண்மீன் விரைந்து செல்லும்போது முன்னால் குவிந்த வில் அதிர்ச்சி அலையாக இருக்கலாம். தற்செயலாக அந்தத் திசையில் கிடக்கும் வாயுவாகவோ, ஃபில்டருக்குள் பட்டுத் திரும்பிய ஒளியாகவோ கூட இருக்கலாம். வடிவம் மட்டும் எதையும் நிறுவாது. நிறுவுவதற்கு நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். நடுவில் இருப்பது யார்? அது எந்தப் பக்கம் நகர்கிறது? வாயு எந்த ஒளியில் மின்னுகிறது? கூட்டின் வயது என்ன?

முதல் கேள்விக்கு உங்கள் கேமராவே விடை சொல்லும். கோள்வகை நெபுலாவின் நடுவே இருக்கும் வெப்பமான விண்மீன் பொதுவாக அமைதியாக ஒளிரும். துணையிடமிருந்து பொருளை இழுத்துக்கொள்ளும் வெண்குறுமீனோ சில நிமிடங்களுக்குள்ளேயே ஏறி இறங்கித் துடிக்கும். ஆகவே, ஓரிரவு முழுவதும் நடுவிண்மீனின் ஒளியளவைத் தொடர்ச்சியாக அளந்தால் அதன் குணம் வெளிப்பட்டுவிடும். ஓரியன் மண்டலத்தில் உள்ள டெ 11 என்ற நெபுலா இதற்கு நல்ல சான்று. முதலில் கோள்வகை நெபுலாவாகவே அது கருதப்பட்டது. பின்னர் 2016இல் வெளியான ஆய்வு, அதன் நடுவே மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான காலத்தில் ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை ஒன்று இருப்பதைக் காட்டியது. இந்த நெபுலா, கி.பி. 483இல் கிழக்காசியாவில் பதிவான விருந்தாளி விண்மீனின், அதாவது திடீரெனத் தோன்றி மறைந்த புதிய விண்மீனின், எச்சமாக இருக்கலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள்.

இரண்டாம் கேள்வி, நகர்வு பற்றியது. இதன் அருமையை 1437ஆம் ஆண்டு நோவாவைப் போல் விளக்குவது வேறொன்றில்லை. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று கொரிய அரசவை வானியலாளர்கள் விருச்சிகத்தின் வால் பகுதியில் புதிய விண்மீன் ஒன்றைக் கண்டு எழுதிவைத்தார்கள். பதினான்கு நாள் தெரிந்தபின் அது மறைந்துவிட்டது. அதன் எச்சத்தை வானியலாளர் மைக்கேல் ஷாராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் நெடுங்காலம் தேடினார்கள். பழைய குறிப்பில் உள்ள விண்மீன் பெயர்களுக்குப் பொருள் கொண்டதில் சிக்கல் இருந்தது. தேடும் பரப்பை விரித்ததும் ஒரு வாயுக் கூடு அகப்பட்டது. ஆனால் அந்தக் கூட்டின் சரியான நடுவில் பொருத்தமான விண்மீன் எதுவும் இல்லை. சற்றுத் தள்ளி, ஓரமாக ஓர் இரட்டை விண்மீன் இருந்தது.

இங்கேதான் பழைய கண்ணாடித் தட்டு ஒன்று கைகொடுத்தது. 1923இல், பெரு நாட்டின் அரெகிப்பாவில் ஹார்வர்டு ஆய்வகம் வைத்திருந்த நிலையத்திலிருந்து எடுத்த படம் அது. அந்தத் தட்டில் இருந்த இடத்தையும் இன்றைய இடத்தையும் ஒப்பிட்டு, விண்மீன் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட்டார்கள். அதே வேகத்தில் பின்னோக்கிக் கொண்டுபோனால், 1437இல் அந்த விண்மீன் கூட்டின் மையத்திலேயே இருந்திருக்கிறது. நோவாவின் ஆண்டு, கூடு, விண்மீன் மூன்றும் ஒன்றாகப் பொருந்தின. 1930களிலும் 40களிலும் எடுத்த தட்டுகளில் அதே விண்மீன் சிறு சிறு வெடிப்புகளோடு குறுநோவாவாக நடந்துகொண்டதும் தெரிந்தது. நோவாவும் குறுநோவாவும் ஒரே இரட்டையின் வெவ்வேறு பருவங்கள் என்ற நெடுநாள் கருத்துக்கு இது வலுவான சான்று. 2017இல் நேச்சர் இதழில் இது வெளியானது.

1923இல் அந்தத் தட்டை எடுத்தவர் எவரோ, அவர் நோவாவைத் தேடவில்லை. தேதியும் இடமும் நேரமும் சரியாகக் குறித்து, தட்டைப் பத்திரப்படுத்தினார். அவ்வளவுதான். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஐந்நூற்றெண்பது ஆண்டுப் புதிரை அது அவிழ்த்தது. உங்கள் வன்தட்டில் கிடக்கும் ஃபிட்ஸ் கோப்புகளும் இத்தகைய தட்டுகளே என்பதை நினைவில் வையுங்கள்.

இன்று நகர்வைக் கணக்கிட நூறாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கையா விண்கலத்தின் அட்டவணையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நகர்வு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வளையம் முழு வளையமாக இல்லாமல் வில்லாக மட்டும் தெரிந்தால், அந்த வில் விண்மீன் நகரும் திசைக்கு முன்னால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னால் இருந்தால் அது பெரும்பாலும் விண்மீன் தள்ளிக்கொண்டு போகும் அதிர்ச்சி அலையே தவிர, வெடிப்பின் கூடு அன்று.

மூன்றாம் கேள்வி ஒளியைப் பற்றியது. இங்கே உங்கள் ஃபில்டர் பெட்டியையே எடுத்துப் பேசலாம். ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். வினாடிக்கு 1000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் வாயுவின் ஹைட்ரஜன்-ஆல்ஃபா, டாப்ளர் விளைவால் 654.1 நானோமீட்டரில் வந்து சேரும். அதே வேகத்தில் விலகிப் போகும் வாயுவினுடையது 658.5இல் வரும். நகர வெளிச்சத்துக்குப் பயந்து நம்மில் பலர் வாங்கியிருக்கும் 3 நானோமீட்டர் ஃபில்டர், நடுவிலிருந்து இருபுறமும் ஒன்றரை நானோமீட்டரைத்தான் உள்ளே விடும். அதாவது வேகமான கூட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஃபில்டருக்கு வெளியே போய்விடும். நமக்குக் குறுக்காக நகரும் ஓரங்கள் மட்டுமே படத்தில் விழும். நிரம்பிய கூடு ஒன்று மெல்லிய வளையமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நைட்ரஜனின் ஒளி 658.4 நானோமீட்டரில் இருக்கிறது. நோவா எறியும் வாயுவில் நைட்ரஜன் மிகுந்திருப்பது வழக்கம், ஏனெனில் வெடிப்புக்குக் காரணமான இணைவில் கார்பன் பெருமளவு நைட்ரஜனாக மாறுகிறது. நம்மை நோக்கி 1000 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நைட்ரஜனின் ஒளி 656.2இல், ஹைட்ரஜனின் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் ஹைட்ரஜன் என்று நினைத்துப் படமாக்குவது நைட்ரஜனாக இருக்கக்கூடும். எனவே ஒரே பொருளை 3 நானோமீட்டர், 7 நானோமீட்டர் இரண்டிலும் எடுங்கள். ஆக்சிஜனின் 500.7இலும் கந்தகத்தின் 672ஐ ஒட்டிய இரட்டைக் கோட்டிலும் எடுங்கள். எந்த ஃபில்டரில் எந்தப் பகுதி பளிச்சிடுகிறது என்ற ஒப்பீடே பாதிச் சான்று. முழுச் சான்று நிறமாலையில்தான் கிடைக்கும். அதற்குத் தொழில்முறை ஆய்வாளரிடம் போகத்தான் வேண்டும். கையில் நாலைந்து ஃபில்டர் படங்களோடு போனால் அவர்கள் காது கொடுப்பார்கள்.

நான்காவது, வயது. இதுவே எல்லாவற்றையும் தீர்க்கும் கேள்வி. ஜிகே பெர்சி என்ற விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1901 பிப்ரவரி 21 அன்று எடின்பரோவில் தாமஸ் ஆண்டர்சன் என்ற பொழுதுபோக்கு வானியலாளர் அதைக் கண்டுபிடித்தார். ஓரிரு நாளில் வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களோடு போட்டியிட்டது. சில மாதங்களில் அதைச் சுற்றி வாயு ஒன்று ஒளியைவிட வேகமாக விரிவது போல் படங்களில் தெரிந்தது. அது வாயுவின் ஓட்டம் இல்லை, வெடிப்பின் ஒளி ஏற்கெனவே அங்கே கிடந்த தூசியின் மீது வரிசையாகப் பட்டுத் தெரிவது என்று வானியலாளர் கப்டெய்ன் விளக்கினார். உண்மையான கூட்டை எட்வர்டு பர்னார்டு 1916இல் கண்டார். இன்று அது முடிச்சு முடிச்சாகச் சிதறிய வாணவேடிக்கை போல, ஏறத்தாழ ஒன்றரை ஆர்க்மினிட் அகலத்தில் நிற்கிறது.

அந்த முடிச்சுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை ஆர்க்செகண்ட் வரை நகர்கின்றன. பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், உங்கள் சிறிய தொலைநோக்கியிலேயே நகர்வு தெரியும். நகர்வைப் பின்னோக்கி ஓட்டினால் வெடித்த காலம் கிடைக்கும். நிறமாலையிலிருந்து வேகம் தெரிந்தால் தொலைவும் கிடைக்கும். 1440 ஒளியாண்டு தொலைவில் உள்ள இந்தக் கூட்டை நம் நாட்டினரும் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். ஜி. சி. அனுபமாவும் நிமிஷா கந்தாரியாவும் ஹான்லேயில் உள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியையும் புனேக்கு அருகிலுள்ள ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியையும் கொண்டு செய்த ஆய்வு 2005இல் வெளியானது.

வயதைக் கேட்காமல் உறவு சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1181ஆம் ஆண்டு சூப்பர்நோவா பாடம். சீனர்களும் ஜப்பானியர்களும் ஆறு மாதம் பார்த்து எழுதிவைத்த வெடிப்பு அது. 3சி 58 என்ற நெபுலாதான் அதன் எச்சம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. இடம் ஏறக்குறைய பொருந்தியது. ஆனால் விரிவின் வேகத்தை அளந்தபோது, அந்த நெபுலாவுக்கு வயது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. 2013இல் அமெரிக்கப் பொழுதுபோக்கு வானியலாளர் டேனா பாட்சிக், வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களைத் துழாவும்போது ஒரு வட்டமான நெபுலாவைக் கண்டார். பா 30 என்று அதற்குப் பெயர். 2019இல் வெளியான ஆய்வு, அதன் நடுவிண்மீனில் ஹைட்ரஜனோ ஹீலியமோ இல்லை, வினாடிக்கு 16,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று காட்டியது. 2021இல் நெபுலாவின் விரிவு அளக்கப்பட்டது. வினாடிக்கு 1100 கிலோமீட்டர், வயது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. 1181உடன் அது பொருந்தியது. ஒன்றையொன்று சுற்றிய இரண்டு வெண்குறுமீன்கள் இணைந்து, முழுவதும் சிதறாமல் வெடித்ததன் எச்சம் அது என்பதே இன்று முன்னிற்கும் விளக்கம். 2023இல் கந்தக ஃபில்டரில் எடுத்த படத்தில், நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் பாயும் இழைகள் தெரிந்தன. அந்தப் படத்தை வெளியிட்ட ஆய்வாளர்களின் பட்டியலில் பாட்சிக்கின் பெயரும் இருக்கிறது.

சிறிய தொலைநோக்கியால் என்ன ஆகும் என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இன்று பெரிதாகப் பேசப்படுவது நோவா மீப்பெரு எச்சம். அடிக்கடி வெடிக்கும் நோவா ஒன்று, பல்லாயிரம் வெடிப்புகளில் சுற்றுவெளி வாயுவைத் தள்ளித் தள்ளி உருவாக்கும் மாபெரும் கூடு அது. ஆந்திரமேடா அண்டத்தில் ஆண்டுதோறும் வெடிக்கும் ஒரு நோவாவைச் சுற்றி, 400 ஒளியாண்டுக்கும் மேற்பட்ட நீளத்தில் இத்தகைய கூடு இருப்பது 2019இல் வெளியானது. நம் பால்வீதியிலோ இவை மிக அருகில் இருப்பதால், வானத்தில் பெரும் பரப்பில் மிக மங்கலாகப் பரந்து கிடக்கின்றன. 1866இலும் 1946இலும் வெடித்த டி கொரோனே பொரியாலிஸ் விண்மீனைச் சுற்றி 2024இல் அறிவிக்கப்பட்ட கூடு, முழு நிலவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் அகலமானது. பெரிய தொலைநோக்கியின் குறுகிய பார்வைக்குள் அது அடங்காது. கண்டுபிடித்த காண்டார் தொலைநோக்கி, 180 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட ஆறு குழாய்களை ஒன்றாகக் கட்டியது. உங்களில் சிலர் வைத்திருப்பதற்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை.

ஆந்திரமேடாவுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் ஒளியில் நீண்ட வில் ஒன்று இருப்பதை மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செய்ன்டி ஆகியோர் கண்டதும் 106 மில்லிமீட்டர் தொலைநோக்கியால்தான். அது நோவாவின் எச்சம் அன்று. என்னவென்ற விவாதம் இன்னும் நடக்கிறது. உலகிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட அண்டங்களில் ஒன்றின் பக்கத்தில், நூறு மணி நேரத்துக்கும் மேல் எக்ஸ்போஷர் கொடுத்தவர்களுக்கு அது தெரிந்தது. பெயர் சூட்ட அவசரப்படாமல், கண்டதைக் கண்டபடி ஆய்வாளர்களோடு சேர்ந்து 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். நான் உங்களிடம் கேட்கும் ஒழுங்கும் அதுதான்.

நமக்கு இடமும் வாய்த்திருக்கிறது. பத்து, பதின்மூன்று பாகை வட அட்சரேகையில் நிற்கும் நமக்கு, வடக்கே ஜிகே பெர்சியும் கிடைக்கிறது, தெற்கே விருச்சிகத்தின் வாலில் உள்ள 1437ஆம் ஆண்டுக் கூடும் கிடைக்கிறது. 1942இல் வெடித்த சிபி பப்பிஸ், மீண்டும் மீண்டும் வெடிக்கும் டி பிக்சிடிஸ் போன்றவை ஐரோப்பிய நண்பர்களுக்கு அடிவானத்தை ஒட்டியோ கீழேயோ போய்விடுகின்றன. நமக்கோ நல்ல உயரத்தில் வருகின்றன. அதுவும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளியும் தை, மாசி, பங்குனி இரவுகளில்.

இந்தத் துறையில் சென்னைக்கு ஒரு பழைய உரிமையும் உண்டு. 1863 மே 20 அன்று நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் விருச்சிகத்தில் ஒரு புதிய விண்மீனைக் கண்டார். விரைவிலேயே அது மங்கிவிட்டது. அதன்பின் 77 ஆண்டுகள் அது ஒற்றைப் பதிவாகவே கிடந்தது. 1940இல் ஹெலன் தாமஸ் ஹார்வர்டு தட்டுகளைத் தேடி, 1906இலும் 1936இலும் அதே விண்மீன் வெடித்திருப்பதைக் காட்டினார். இன்று அது யு ஸ்கார்பியை என்று அறியப்படுகிறது. ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் அது, 2010இலும் 2022இலும் வெடித்தது. அதன் வெண்குறுமீன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் கணக்கிட்ட எல்லையை, சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையை, நெருங்கி நிற்கிறது. போக்சன் இடத்தையும் தேதியையும் துல்லியமாகக் குறித்திராவிட்டால் இந்தத் தொடர்பை யாரும் கண்டிருக்க முடியாது.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஆண்டுதோறும் உங்கள் நல்ல இரவுகளில் ஒரு பகுதியை ஒரு பழைய நோவாவுக்கோ, குறுநோவாவுக்கோ ஒதுக்குங்கள். குழுவாக இருந்தால் ஆளுக்கொரு விண்மீன் எடுத்துக்கொண்டு, எக்ஸ்போஷரை ஒன்றாகச் சேருங்கள். முப்பது மணி நேரம் ஒருவருக்குப் பாரம், ஆறு பேருக்கு அது ஐந்தைந்து மணி நேரம். டார்க், ஃப்ளாட் படங்களை ஒழுங்காக எடுங்கள், ஏனெனில் மங்கல் வளையம் என்று நாம் கொண்டாடும் பலவும் சரியில்லாத ஃப்ளாட்டில் பிறப்பவை. வளையம் தெரிந்தால் தொலைநோக்கியைச் சுழற்றி, நடுவிண்மீனை வேறோர் ஓரத்தில் வைத்து, இன்னோர் இரவிலும் எடுங்கள். இடம் மாறினாலும் வளையம் விண்மீனோடு அப்படியே நிற்கிறதா என்று பார்த்தபின் அடுத்தவரிடம் சொல்லுங்கள்.

ஏஐ கொண்டு சத்தம் நீக்கி, கூர்மையேற்றிய படத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது காட்சிக்கு அழகு, சான்றுக்கு உதவாது. மூலக் கோப்பு, நேரம், ஃபில்டரின் அகலம், இடம் எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் உங்கள் படம் நாளைக்கு ஒருவருக்கு அளவுகோலாகும். நடுவிண்மீனின் ஒளியளவுகளை மாறுவிண்மீன் நோக்கர்களின் அமைப்பான ஏஏவிஎஸ்ஓவின் தரவுத்தளத்தில் பதியுங்கள். ஹார்வர்டு தட்டுகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்டதை அவற்றோடு ஒப்பிடுங்கள். பிறகு நிறமாலை வேண்டி ஆய்வாளர்களை அணுகுங்கள். ஜவ்வாது மலையின் காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது, அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் நோவாக்களை ஆராயும் மரபும் இருக்கிறது.

இந்த வேலையில் பல இரவுகள் வெறும் கறுப்புப் படத்தோடு முடியும். அந்தக் கறுப்பும் முடிவுதான். இந்த விண்மீனைச் சுற்றி, இந்த ஒளியில், இந்த அளவு ஆழம் வரை எதுவும் இல்லை என்று தேதியோடு எழுதிவைத்தால், அடுத்தவர் அதற்கு மேல் தேடுவார். கூடு கிடைக்காத நோவாக்களின் பட்டியலை நாமே தமிழில் தொகுக்கலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். இந்தத் தை மாதத்தில் ஜிகே பெர்சியிலிருந்து தொடங்குவோம். கூடு இருப்பது ஏற்கெனவே தெரிந்ததால், நம் கருவியும் முறையும் சரிதானா என்று சோதிக்க அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது.

தோழமையுடன்,
உங்களோடு வானம் பார்க்கும் ஒருவன்